ருக்குமணியம்மா சேர்த்துப் போட்ட ஒரு கை மாவு

ருக்குமணியம்மா போய்விட்டார் என்று எங்கள் பேக்கரி முதலாளி தங்கவேலு போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. எந்தச் செய்தியையும் முதல் தடவையிலேயே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. "யாரு சொன்னது? எப்போ சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஏனுங்க, சாவுச் சேதிக்கும் குறுக்கு விசாரணையா?" என்று அவர் சலித்துக்கொண்டு வைத்துவிட்டார். மனம் ஒப்பாமல் கட்டபெட்டில் இருக்கும் ருக்குமணியம்மாவின் மகள் செல்வியை அழைத்தேன். மறுமுனையில் அழுகைதான் கேட்டது. அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கட்டபெட்டுக்குப் போனேன். பனிமஞ்சு இறங்கி, வந்தவர்களின் முகமே சரியாகத் தெரியவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் கோத்தகிரிக் கடையின் பேக்கரி மாஸ்டர் சுந்தரமும் இருந்தார். "கை தங்கமான கை. அதுல ஒரு சொல்லு சொல்ல முடியாது. ஆனா அளவை மட்டும் கடைசி வரைக்கும் ஒளிச்சேதான் வச்சிருந்துச்சு. எங்களுக்குப் பொய்க் கணக்குக் குடுத்துச்சு பாருங்க, அதை மட்டும் என்னால மறக்க முடியல" என்றார். பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் வைத்த டீயைக் குடித்துவிட்டு, பஸ் ஏறி, குன்னூருக்கு வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து அந்த டீ நெஞ்சிலேயே நிற்கிறது. சுந்தரம் சொன்னது பொய் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பொய்யைப் பிறக்க வைத்தவனும் நான்தான். எனவே ருக்குமணியம்மாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற அஞ்சலியாக இது இருக்காது. என்னைப் பற்றிய நாற்றமும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே தங்கவேலு நடத்தும் பேக்கரியில் சரக்கறை என் பொறுப்பு. மைதா, சர்க்கரை, வெண்ணெய், முந்திரி எது உள்ளே வந்தாலும் எது வெளியே போனாலும் என் தராசைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு முன்பு கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். பெண்கள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்து மூட்டையைத் தொங்கு தராசில் மாட்டி, எடையைச் சத்தமாகச் சொல்லி, புத்தகத்தில் எழுதுகிற வேலை. எஸ்டேட்டை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் ருக்குமணியம்மா என்னை 'ரைட்டரு' என்றேதான் கூப்பிடுவார். மரியாதைக்காகக் கூப்பிடுகிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரும் எஸ்டேட்காரர்தான். வேறு எஸ்டேட். அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய், பிறகு மேனேஜர் பங்களாவின் சமையலறைக்கு எடுக்கப்பட்டு, அங்கே கேக்கும் பிஸ்கட்டும் போடப் படித்தவர். பங்களாவைப் பூட்டிவிட்ட பிறகு எங்கள் பேக்கரிக்கு வந்தார். வரும்போது ஒரு துணிப்பையில், காது உடைந்த ஒரு பீங்கான் கப்பைக் கொண்டுவந்தார். பங்களாவில் எல்லாவற்றையும் அதில்தான் அளப்பாராம். மைதா எட்டுக் கப், சர்க்கரை நாலு கப் என்று எல்லாம் கப்புக் கணக்குதான். முட்டை எண்ணிக்கையில், வெண்ணெய் பாக்கெட்டில். எங்கள் ஓவனில் அவர் போட்ட முதல் டீ கேக்கை வெட்டித் தின்றுவிட்டுத் தங்கவேலு ஒன்றுமே பேசாமல் இன்னொரு துண்டு எடுத்தார். ருக்குமணியம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வாங்குறவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்றார். அன்றே வேலை உறுதியாகிவிட்டது.

எனக்கு மட்டும் அந்தக் கப்பைக் கண்டால் ஆகவில்லை. தராசு இருக்கிற இடத்தில் கப்பு எதற்கு? ஒருநாள் கேட்டேவிட்டேன். "மாவு நெறஞ்சிருக்குதா, சும்மா ஊதிக்கிட்டு நிக்குதான்னு கைக்குத்தான் தெரியுமுங்க. தராசுக்கு என்ன தெரியும், நிறுத்துறவன் சொல்றதைத்தான் அது சொல்லும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தராசைப் பற்றி அப்படிப் பேசுகிற ஆளிடம் ஏதோ மறைவு இருக்கிறது என்று அன்றே முடிவுகட்டினேன். மறைவு இருந்தது என்னிடம்தான் என்பது அப்போது எனக்கே உறைக்கவில்லை.

சில வருடம் கழித்துத் தங்கவேலு கோத்தகிரியில் இன்னொரு கடை திறந்தார். அங்கே சுந்தரம் மாஸ்டர். ருக்குமணியம்மாவின் கேக் இரண்டு கடையிலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. கப்பை இரண்டாக உடைக்க முடியாதே! ஆகவே எல்லா அளவையும் கிராமில் மாற்றி ஒரு தாளில் எழுதச் சொன்னார். புது எலக்ட்ரானிக் தராசும் வாங்கிக் கொடுத்தார். ருக்குமணியம்மா கப்பில் அளந்து கொட்ட வேண்டும், நான் நிறுத்து எழுத வேண்டும். என் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த வேலை அதுதான் என்று சொல்வேன். நாலு நாள் குளித்து முழுகி, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு போனேன்.

ஜூலை மாதம். மழை விட்டபாடில்லை. சரக்கறையில் தீப்பெட்டி கூட நமுத்துப்போயிருந்தது. முதல் நாள் மைதா மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஈரமா இருக்கே" என்றேன். யாரிடமும் சொல்லவில்லை, பழக்கதோஷத்தில் வாயில் வந்தது. ருக்குமணியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கப்பை மூட்டைக்குள் விட்டு அள்ளினார்.

வெறும் பாத்திரத்தை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, அவர் கொட்டக் கொட்ட எழுதினேன். முதல் கப் மைதா நூற்று நாற்பத்தொன்பது கிராம். அடுத்தது நூற்று ஐம்பத்து மூன்று. அடுத்தது நூற்று ஐம்பத்தொன்று. எனக்கு மூக்கில் வேர்த்தது. ஒரே கப்பு, ஒரே மூட்டை, ஒரே கை. எப்படி மூன்று எடை வரும்? சர்க்கரையை நிறுத்தால் கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறது, மைதாவில் மட்டும் ஆட்டம். "என்னங்க, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது?" என்று கேட்டேன். "மாவுன்னா அப்படித்தானுங்க இருக்கும்" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து நூற்று ஐம்பத்தொன்று என்று தாளில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டேன். மனதிலும் ஒரு கோடு போட்டுவைத்தேன்.

கோத்தகிரியில் முதல் ஈடு கேக் வெளியே வந்தது. சுந்தரம் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துக் குன்னூருக்கே வந்துவிட்டார். முதலாளியின் மேஜைமேல் வைத்தபோது டக் என்று சத்தம் கேட்டது. கத்தி இறங்க மறுத்தது. "தாள்ல இருக்கறபடிதான் போட்டேன். ஒரு கிராம் கூட மாத்தல" என்று தலையில் அடித்துக்கொண்டார். தங்கவேலு என்னைப் பார்த்தார். நான் என் தராசைப் பார்த்தேன். கோத்தகிரிக் காற்று, கோத்தகிரி ஓவன், கோத்தகிரி முட்டை என்று ஒரு வாரம் எதையெதையோ குறை சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் சரிப்படவில்லை.

நான் வேறு வழியில் போனேன். நம் ஊர்ப் பக்கம் இதற்கு வேவு பார்ப்பது என்று பெயர், அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. ருக்குமணியம்மா மாவு கலக்கும் அறைக்கும் சரக்கறைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அடுக்கிய மூட்டைக்குப் பின்னால் குத்தவைத்து அதன் வழியாகப் பார்த்தேன். அவர் மாவைச் சலித்தார். கப்பில் மெதுவாகக் கரண்டியால் போட்டார். தட்டவில்லை, குலுக்கவில்லை. கத்தியின் முதுகால் கப்பின் விளிம்பை ஒரே வழிப்பாக வழித்து, சமமாக்கிக் கொட்டினார். எனக்குப் பொறி தட்டியது. என் தராசில் கொட்டும்போது ஒரு தடவைகூட அவர் கத்தியை எடுக்கவில்லை. கப்பின் தலைக்குமேல் மாவு குவிந்துதான் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஜன்னலுக்குப் பின்னால் குத்தவைத்தபடியே சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

நேராகத் தங்கவேலுவிடம் போய்ச் சொன்னேன். "இது தெரியாம நடந்தது இல்லீங்க. தனக்கு ஒரு அளவு, நமக்கு ஒரு அளவு. தாள் சரியா வந்துட்டா நாளைக்கு இவங்க எதுக்குன்னு கேட்டுருவீங்கங்கற பயம்" என்றேன். அப்படி ஒரு பயம் அவருக்கு இருந்திருந்தால் நியாயமும் உண்டு. புருஷன் இல்லாமல், அந்தச் சம்பளத்தில் ஒரு பெண்ணைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். முதலாளி அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ருக்குமணியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "நான் குடுத்த மாவு சரியான மாவுங்க. எழுதுனவரைக் கேளுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தங்கவேலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒண்ணுல பொய்னா எல்லாத்துலயும் பொய்தான்" என்று சொல்லி, அவரை ஓவன் பக்கம் போக வேண்டாம் என்று நிறுத்தி, ரொட்டியும் கேக்கும் காகிதத்தில் சுற்றுகிற இடத்துக்கு மாற்றினார். டிசம்பர் பிளம் கேக் முடியட்டும், அப்புறம் ஆளைக் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் சரி என்றேன்.

அன்றிலிருந்து குன்னூரிலும் என் தாளை வைத்துத்தான் வேறு ஆட்கள் கேக் போட்டார்கள். குன்னூரிலும் கேக் கல்லாகத்தான் வந்தது. வாடிக்கையாக வாங்குகிற ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், "ஏம்ப்பா, இதுக்குச் சுத்தியலும் குடுப்பீங்களா?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். ஆனாலும் எங்கும் காட்டிக்கொள்ளவில்லை. தராசு பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ருக்குமணியம்மா ஒன்றரை மாதம் பேசாமல் காகிதம் சுற்றினார். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம், நான் சரக்கறையில் தனியாக இருந்தபோது கையில் ஒரு கேக்கோடு உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"ஏனுங்க ரைட்டரு, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்க."

"அன்னைக்கு மாவு நிறுத்தீங்கல்ல. அதுல கப்புக்கு எத்தன புடிச்சீங்க?"

"எதைப் புடிச்சேன்?"

"ஈரத்துக்குங்க. எத்தன கழிச்சு எழுதுனீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் எதுக்குக் கழிக்கணும்? தராசு என்ன காட்டுச்சோ அதைத்தான் எழுதினேன். வேணும்னா தாளைப் பாருங்க" என்று கத்தினேன்.

அவர் கேக்கைத் தராசின்மேல் வைத்துவிட்டு, மைதா மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அட கடவுளே! அப்ப நான் சேத்துப் போட்ட கையையுமா எழுதீட்டீங்க?" என்றார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை நாளில் கொழுந்து நனைந்து கனக்கும். அந்தத் தண்ணீருக்கென்று மூட்டைக்கு ஒன்றிரண்டு கிலோ பிடித்துக்கொண்டு மீதியைத்தான் ரைட்டர் எழுதுவார். அது சட்டம் மாதிரி. ஆனால் நல்ல வெயில் நாளிலும் கொழுந்தை ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்து, "ஈரமா இருக்கே" என்று சொல்லிவிட்டு ஒரு கிலோ பிடிக்கிற ரைட்டர்கள் உண்டு. எதிர்த்துப் பேசினால் அடுத்த நாள் இரண்டாகப் பிடிப்பார்கள். அதனால் பெண்கள் என்ன செய்வார்களென்றால், தராசுக்கு வருமுன் இன்னும் ரெண்டு கை கொழுந்து பறித்து மூட்டையில் திணித்துக்கொள்வார்கள். எப்படியும் தராசு தின்னும், தின்றது போக நம்முடையது நமக்கு வரட்டும் என்று.

"நீங்கதானுங்க மாவைத் தொட்டுப் பாத்து ஈரமா இருக்கேன்னீங்க" என்றார் ருக்குமணியம்மா. "அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு எஸ்டேட்டுத் தராசுதானுங்க ஞாபகம் வந்துச்சு. சரி, இவரு புடிக்கத்தான் போறாரு, கேக்கு கெட்டுப்போகுமேன்னுட்டு ஒவ்வொரு கப்புக்கும் ஒரு கை சேத்துப் போட்டனுங்க."

"சர்க்கரைக்குப் போடலையா?"

"சர்க்கரை நனஞ்சா கண்ணுக்குத் தெரிஞ்சுருமுங்க, பாகாயிரும். அதுல யாரு புடிக்க முடியும்? மாவுலதான் தண்ணின்னு சொல்லிப் புடிப்பாங்க."

என்ன ஒரு கணக்கு பாருங்கள்! ஏமாற்ற நினைத்த ஆள் இல்லை இவர். என் கை நீளும் என்று நம்பி, அதற்கு முன்னாலேயே நஷ்டத்தைக் கட்டிவைத்தவர். கேக் கல்லாகி வந்ததும், நான் பிடித்தது போதாமல் இன்னும் ஏதோ செய்து தாளைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். காகிதம் சுற்றச் சுற்றத்தான் கேக்கின் கனம் அவர் கைக்கு உறைத்தது. "நீங்க புடிச்சிருந்தா இத்தன கனம் இருக்காதுங்களே. சரியா இருக்கோணும், இல்லாட்டி லேசாப் போகோணும். இது கனக்குதே, அப்ப இந்த மனுசன் ஒண்ணுமே புடிக்கலையோன்னு நேத்துத்தானுங்க தோணுச்சு" என்றார்.

அங்கேயே மாவைச் சலித்து, கத்தி முதுகால் வழித்து, நிறுத்துப் பார்த்தோம். ஒரு கப் நூற்று இருபத்தெட்டு கிராம். நான் எழுதியிருந்தது நூற்று ஐம்பத்தொன்று. எட்டுக் கப் போடுகிற ஒரு ஈட்டுக்கு நூற்று எண்பது கிராமுக்குமேல் மைதா அதிகம். கல்லாகாமல் என்ன ஆகும்?

அவர் எழுந்து போகும்போது கதவருகில் நின்று கேட்டார். "நீங்க எந்தப் பக்கம் எஸ்டேட்டுங்க?"

"கிளென்மார்கன் பக்கம்."

"அங்க வெயில் நாள்ல புடிச்சீங்களா?"

பேனாவுக்கு மூடி போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். "எங்க எஸ்டேட்டுல நிறுத்தவரு வேற ஆளுங்க. ஆனா பேச்சு ஒண்ணேதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிடித்திருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். கொழுந்து லாரியில் ஃபாக்டரிக்குப் போவதற்குள் வாடி எடை குறையும், குறைந்தால் என் தலைதான் உருளும். அந்தப் பயத்துக்குத்தான் முதலில் பிடித்தேன். பிறகு பயம் இல்லாத நாளிலும் பிடித்தேன். முள் இருபத்திரண்டில் நிற்கும், என் வாய் இருபத்தொன்று என்று சொல்லும். எதிரே நிற்கிறவள் முள்ளைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். அத்தனை பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை.

அன்று மாலையே தங்கவேலுவிடம் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். "ருக்குமணியம்மா எதுக்குங்க உங்களைச் சந்தேகப்படணும்? எஸ்டேட்ல அப்படி ஏதாவது செஞ்சீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று படியேறும்போது ஒரு நினைப்பு வந்தது. சுத்தமான கை என்றுதான் என்னைச் சரக்கறையில் வைத்திருந்தார். மேலே போய்ச் சேர்வதற்குள் என் வாய் வேறு தயாராகிவிட்டது. "தராசுல ஏதோ கோளாறுங்க. மறுபடி நிறுத்துச் சரி பண்ணிட்டேன். அந்தம்மாவும் இப்ப ஒத்துழைச்சாங்க" என்றேன். ஒத்துழைச்சாங்க! அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போயிற்று. முன்னால் ஒத்துழைக்கவில்லை, பொய் சொன்னார், மாட்டிக்கொண்டதும் உண்மையைக் கொடுத்தார் என்று கடை முழுக்கப் பேச்சாகிவிட்டது. ருக்குமணியம்மா திரும்பவும் ஓவன் பக்கம் போனார், வேலை போகவில்லை, டிசம்பரில் அவர் பிளம் கேக்குக்கு ஆள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அந்தக் கறை ஒட்டியது ஒட்டியதுதான். சுந்தரம் சாவு வீட்டில் பேசியது என் வாயிலிருந்து போன பேச்சு.

நான் முதலாளியிடம் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்தார். அதன் பிறகு நான் எதை நிறுத்தாலும், மைதாவோ திராட்சையோ, வேலையைப் போட்டுவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பார். சிவப்பு எண்களை அவரே வாய்விட்டுப் படிப்பார். நான் சொன்னதை அவர் எடுத்துக்கொண்டதே இல்லை. "நாலு கிலோ இருநூறுங்க" என்று நான் சொன்னால், "இருங்க, நானும் பாத்துக்கறேன்" என்பார். சமயத்தில் இறக்கிவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார். முதலில் எனக்கு ஆத்திரமாக வந்தது. "நான் என்ன திருடனா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் அப்படிச் சொன்னனுங்களா?" என்று சிரித்தார். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியது. மகளுக்கும் அதைப் பழக்கிவிட்டிருந்தார். செல்வி கடைக்கு வந்தால் அவளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

எனக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் கடைசி வரை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் ஏதோ தெய்வப் பிறவி என்று நினைத்துவிடுவீர்கள். வருடத்துக்கு ஒரு முறை, மகள் பிறந்த நாளுக்கு, வீட்டிலிருந்து ஒரு இஞ்சி கேக் போட்டுக் கொண்டுவருவார். அதைத் தின்றவன் மறக்க மாட்டான். தாளில் அது இல்லை. "இதையும் நிறுத்து எழுதிரலாமே" என்று நான் சொல்லும்போதெல்லாம், "அதுல ஒண்ணுமில்லீங்க, கண்ணுமண்ணு தெரியாமப் போடறது" என்று நழுவிவிடுவார். கண்ணு மண்ணு தெரியாமல் போட்ட கேக் வருடா வருடம் ஒரே மாதிரி வருமா? இந்த ஒன்றில் சுந்தரம் சொன்னது பாதி சரி. ஒளித்துத்தான் வைத்திருந்தார். என் தராசிடமிருந்து ஒன்றையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

மூட்டுவலி வந்து அவர் கடையை விட்டு நின்று மூன்று வருடமாயிற்று. போன மாதம் செல்வி போன் செய்தாள். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உங்களைத் தராசோடு வரச் சொல்கிறார் என்றாள். தராசோடா? வழக்கம்போல நான் சந்தேகப்பட்டேன். ஏதாவது பழைய கணக்கைத் தீர்க்கக் கூப்பிடுகிறாரோ என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன்.

கட்டிலில் ஒரு பிடியாகச் சுருண்டு கிடந்தார். சத்தம் மட்டும் குறையவில்லை. "வாங்க ரைட்டரு. செல்வி ஊட்டுலயே கேக்குப் போட்டு விக்கலாம்னு இருக்காளுங்க. அவ கைக்குக் கப்பு சரிவராது, படிச்ச புள்ள, கிராமுன்னாத்தான் புரியும். அந்த இஞ்சி கேக்கை எழுதிக் குடுத்துருங்க" என்றார். அவள் பிழைப்பு இந்தத் தாளில்தான் நிற்கப்போகிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும். செல்வி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுத் தராசை வைத்தேன். அவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல நானே கப்பில் அளந்தேன். மாவு சலித்தது, தட்டாதது, கத்தியால் வழித்தது. எண் அவருக்குத் தெரிய வேண்டுமே என்று தராசை அவர் முகத்துப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்கம்மா" என்றேன்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

என் தராசுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு யாரும் படுத்ததில்லை. பாத்திரத்தை இறக்கி, பூஜ்யமாக்கி, மறுபடி வைத்தேன். திரும்பவும் இறக்கி வைத்தேன். மூன்று தடவையும் ஒரே எண். இருந்தும் அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் இன்னொரு முறை உற்றுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு என் வாய்மேல்தான் நம்பிக்கை இல்லை.

"நூத்தி இருபத்தேழு" என்றேன்.

செல்வி எழுதவில்லை. அம்மா பழக்கிய பழக்கம், பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து தராசை எட்டிப் பார்க்க வந்தாள். "நானும் ஒருக்காப் பாத்துக்கட்டுமாம்மா?" என்றாள்.

"வேண்டாம் புள்ள" என்றார் ருக்குமணியம்மா. கண்ணைத் திறக்கவில்லை. "ரைட்டரு சொல்லீட்டாருல்ல. எழுதிக்கோ."

அந்த 'வேண்டாம்' ஒன்றைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.